கட்டில் கூப்பிடும்

பாலத்தைத் தாண்டியதும் வருகிற அந்தப் பேட்டையில் "அப்பவே எங்கே?" என்று கேட்டால் யாரும் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார்கள். பழைய சாமான் கடைப் பக்கம் கையைக் காட்டுவார்கள். கடைக்காரருக்கு அதுதான் பெயர். வேறொரு பெயரும் அவருக்கு உண்டு, கரண்ட் பில்லில் அச்சாகி வரும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பது சந்தேகம்தான்.

பெயர் வந்த கதை சுருக்கம். எந்தப் பேச்சை எடுத்தாலும் மனிதர் "நான் அப்பவே சொன்னேன்" என்றுதான் ஆரம்பிப்பார். மூடிக் கிடந்த பிஸ்கட் ஃபாக்டரி அடுக்குமாடி வீடாக மாறியபோது, "நான் அப்பவே சொன்னேன்." லாரி ஷெட் இருந்த இடத்தில் காபிக் கடை வந்தபோது, "நான் அப்பவே சொன்னேன்." ஃபாக்டரிக் கூரையில் நீச்சல் குளம் வரும், பாலத்தை இரண்டு மடங்கு அகலமாக்குவார்கள் என்றும் அப்பவே சொன்னார். அதெல்லாம் நடக்கவில்லை. நடக்காததை அவரும் மறந்துவிடுவார், கேட்டவர்களும் மறந்துவிடுவார்கள். சோசியக்காரர்கள் பிழைப்பதும் இப்படித்தானே!

ஆனாலும் பேட்டை வளர்வதை அவர் அளவுக்குக் கிட்டத்தில் பார்த்தவர்கள் குறைவு. பேட்டையை விட்டுப் போகிறவர்களிடம் வாங்கி, பேட்டைக்கு வருகிறவர்களிடம் விற்பதுதான் அவர் தொழில். கண்ணாடி வைத்த ஒரு பீரோவை ஒரே தெருவுக்குள் மூன்று முறை விற்றிருக்கிறார். முன்பெல்லாம் கத்திக் கீறல் விழுந்த சமையல் மேசை வந்தால் தேய்த்துப் பாலிஷ் போடுவார். பிஸ்கட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள் (ஆமாம், "பிஸ்கட்ல மூணாவது மாடி" என்றுதான் அங்கே விலாசமே சொல்வார்கள்) அந்தக் கீறலைத் தடவிப் பார்த்து ஆகா ஓகோ என்று வாங்குவதைக் கண்டபிறகு பாலிஷ் டப்பாவை மூடி வைத்துவிட்டார். இப்போது கீறலுக்குத் தனி விலை.

வாங்குவதில் அவர் கைதேர்ந்தவர். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். கட்டிலையோ மேசையையோ பார்க்கும்போது முகத்தில் வயிற்றுவலிக்காரன் களை வந்துவிட வேண்டும். இரண்டு தட்டுத் தட்டி, குனிந்து அடியில் பார்த்து, உச்சுக் கொட்ட வேண்டும். விற்பவர் விலை சொன்னதும், "பார்க்கலாம்" என்று ஒரே வார்த்தை. பிறகு வாசலை நோக்கி நடக்க வேண்டும், வேகமாகவும் இல்லாமல் ரொம்ப மெதுவாகவும் இல்லாமல். வாசலில் குனிந்து ஷூ லேஸைக் கட்ட வேண்டும். அந்த லேஸ் ஒருநாளும் தானாக அவிழ்ந்ததில்லை. இவர்தான் ஒரு முனையை இழுத்து அவிழ்த்துவிட்டு, திரும்பவும் கட்டுவார். கட்டி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து, "சரி, நீங்க ஒரு விலை சொல்லுங்க" என்று குரல் வரும். நூற்றுக்குத் தொண்ணூறு முறை வந்துவிடும். இந்த வேலைக்கு அவர் வைத்த பெயர் "லேஸ் கட்டுறது."

கட்டிலுக்குச் சரி. மனிதர் வீட்டுக்கும் அதையே செய்தார், அங்கேதான் வந்தது வினை.

பல வருஷங்களுக்கு முன்னால் வாய்க்கால் தெருவில் ஒரு வீடு விலைக்கு வந்தது. மழை பெய்தால் வெளியே இருப்பதைவிட உள்ளே அதிகமாக நனையலாம், அப்படிப்பட்ட கூரை. ஆனால் மூலை வீடு, இரண்டு பக்கமும் தெரு. "இது ஒருநாள் தங்கமா ஆகும்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர் தானே போய்ப் பார்த்தார். சுவரைத் தட்டினார். படிக்கட்டுக்கு அடியில் குனிந்து உச்சுக் கொட்டினார். "பார்க்கலாம்" என்று நடந்து, வாசலில் குனிந்து லேஸ் கட்டினார். குரல் வரவில்லை. இன்னொரு காலுக்கும் கட்டினார். நிமிர்ந்து பார்த்தபோது வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு போயிருந்தார்.

அந்த வார முடிவுக்குள் வீடு கைமாறிவிட்டது. வாங்கியவர் பேக்கரிக்காரர். அப்போது அவர் தள்ளுவண்டியில் பன் விற்றுக்கொண்டிருந்தார். "மூலை வீடு, விடாதே" என்று அவரிடம் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? ஊருக்குத்தான் உபதேசம்! இன்றைக்கு அங்கே கீழே பேக்கரி, மேலே நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட இடம், வாசலில் வரிசை. பேக்கரிக்காரர் நன்றி மறக்காத மனிதர். தினமும் காலையில் ஒரு சூடான பன் பழைய சாமான் கடைக்கு வந்துவிடும். "அண்ணே, எல்லாம் உங்க வாய் முகூர்த்தம்" என்பார். இவரும் பன்னைச் சாப்பிட்டுக்கொண்டே, "நான் அப்பவே சொன்னேன்" என்பார்.

இதே மாதிரி பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்த ஷெட்டுகளும் போயின, வாய்க்கால் கரையில் கிடந்த காலி மனையும் போயிற்று. இரண்டு இடத்திலும் லேஸ் கட்டிவிட்டு வந்ததுதான் மிச்சம்.

"அப்பவே சொன்னீங்க, சரி. அப்பவே வாங்கினீங்களா?" என்று கேட்கிற தைரியம் ஒருத்திக்குத்தான் இருந்தது. அது அவர் மனைவி. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. ஊசியைக் கண்டு வெலவெலக்கிறவர்களிடம், "ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று சொல்லி முடிப்பதற்குள் வேலையை முடித்துவிடுவாள். அதனால் பேட்டையில் அவளுக்கு எறும்பு அக்கா என்று பெயர். அதிகம் பேச மாட்டாள், பேசினால் சுருக்கென்று இருக்கும்.

"கட்டில் கூப்பிடும்ங்க. அதைத் தூக்கிட்டுப் போக ஆள் வேணும், வித்தா போதும்னு இருப்பாங்க. வீட்டுக்கு என்ன அவசரம்? அது பாட்டுக்கு நின்ன இடத்துல நிக்கும். வீடு கூப்பிடாது."

"உனக்கு வியாபாரம் தெரியாது" என்பார் இவர்.

"ஆமா, தெரியாது. அதனாலதான் அன்னைக்கு உங்களைக் கூப்பிடல" என்பாள் அவள்.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்பு அவளுடைய அப்பா அளவில் சிறிய வீடு ஒன்றுக்குக் குடிமாறியபோது, அவருடைய எழுதுமேசையை விற்கும் பொறுப்பு மகளுக்கு வந்தது. இவர் போனார், வயிற்றுவலி முகம் காட்டினார், "பார்க்கலாம்" என்றார், வாசலில் லேஸ் கட்டினார். அவள் கூப்பிடவில்லை. இரண்டாவது லேஸும் கட்டியாயிற்று. தெருமுனை வரை நடந்து பார்த்தார். திரும்பிப் பார்த்தால் அவள் ஜன்னலில் நின்று இவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், வாய் திறக்கவில்லை. என்ன நினைத்தாரோ, தானாகத் திரும்பி வந்து, சொன்ன விலைக்கே மேசையை வாங்கினார். மறுநாள் இழுப்பறைக்குச் சாவி இருக்கிறதா என்று கேட்கப் போனார். அதற்கு மறுநாள் சாவி சேரவில்லை என்று சொல்லப் போனார். இழுப்பறைக்குப் பூட்டே கிடையாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இப்படியே கல்யாணத்தில் போய் முடிந்தது. அவர் வாழ்க்கையில் வாங்கி விற்காத ஒரே சாமான் அந்த மேசைதான்.

கடை இருந்தது ஒரு கிடங்கில். பிஸ்கட் ஃபாக்டரி ஓடிய காலத்தில் சர்க்கரை மூட்டை அடுக்கிய இடம். வெயில் காலம் வந்தால் இன்றைக்கும் எங்கிருந்தோ எறும்பு வரிசை கட்டி வந்து, சர்க்கரையைத் தேடிவிட்டு ஏமாந்து போகும். கீழே கட்டில், பீரோ, மேசை. மரப்படி ஏறினால் மாடி. உயரமான ஜன்னல்கள், நல்ல வெளிச்சம், அத்தனை வெளிச்சத்திலும் ஜோடி இழந்த நாற்காலிகள். நாலு நாற்காலி செட்டில் மூன்று விற்றுப்போய் ஒன்று மிஞ்சினால் அது மாடிக்குப் போய்விடும்.

கிடங்கின் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். வாடகையை ஏற்றாத புண்ணியவான். ஒருநாள் அவரே போன் செய்தார்.

"என்னப்பா, நான் பொண்ணு வீட்டோட போய் இருந்துடலாம்னு பார்க்கிறேன். கிடங்கை விக்கணும். இத்தனை வருஷமா இருக்கே, உங்கிட்டதான் முதல்ல சொல்றேன். வந்து பேசு."

அவர் வீட்டு முன்னறையில் உட்கார இரண்டே இடம். ஒன்று அவருடைய சாய்வு சோபா. இன்னொன்று க்ளினிக்கை மூடியபோது மனசு கேட்காமல் கொண்டுவந்து போட்ட பல் பிடுங்கும் நாற்காலி. வந்தவர்கள் அதில்தான் உட்கார வேண்டும். அதில் சாய்ந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். அப்பவேயும் பாதி வாய் திறந்தபடி விலையைக் கேட்டார்.

நியாயமான விலை. இல்லை, நியாயத்துக்கும் கொஞ்சம் குறைவு. அவர் மனசு உள்ளே குதித்தது. ஆனால் முகம் பழக்க தோஷத்தில் வயிற்றுவலிக்குப் போய்விட்டது.

"கொஞ்சம் ஜாஸ்தியா தெரியுதே டாக்டர். பார்க்கலாம்."

எழுந்தார். நடந்தார். வாசலில் குனிந்து ஒரு முனையை இழுத்து, அவிழ்த்து, கட்டினார். உள்ளே டாக்டர் செய்தித்தாளைப் புரட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் எறும்பு அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, ஷூவைப் பார்த்தாள். பிறகு மறுநாளே பாங்கில் போய் விசாரித்துவிட்டு வந்தாள். இப்போது கட்டுகிற வாடகைக்கு மேலே கொஞ்சம் போட்டால் தவணை கட்டிவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

"நம்மால முடியும்ங்க. போய்ச் சரின்னு சொல்லிட்டு வாங்க."

"ரெண்டு நாள் போகட்டும். அவரே கூப்பிடுவார் பாரு."

அவள் பாங்கில் கொடுத்த காகிதத்தை எழுதுமேசை இழுப்பறையில் வைத்து மூடினாள். இழுப்பறை மூடிய அந்தச் சத்தம்தான் அவருக்கு இரண்டு நாளும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

உண்மையில் விலை அவருக்குப் பிரச்சினையே இல்லை. பயம். சொல்கிறவனுக்கு நஷ்டம் கிடையாது. பலித்தால் "அப்பவே சொன்னேன்", பலிக்காவிட்டால் அடுத்த பேச்சு. வாங்குகிறவன்தான் மாட்டிக்கொள்வான். கட்டில் சரியில்லையென்றால் இன்னொருத்தர் தலையில் கட்டிவிடலாம், கிடங்கை யார் தலையில் கட்டுவது? பேட்டை வளரும் வளரும் என்று இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் சத்தியம் செய்த மனிதருக்கு, தன் பணத்தை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டிய நேரத்தில் கை லேஸுக்குத்தான் போனது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாள் கடைக்கு வந்தாள். கையில் அளக்கிற டேப். அவளுக்கு நீளமான மேசை ஒன்று வேண்டும்.

"இது சரியா இருக்கும்" என்று ஒரு மேசையைக் காட்டி விலை சொன்னார்.

"சரி அண்ணா" என்றாள் அவள்.

அப்பவேக்குத் தாங்கவில்லை. முதல் விலைக்கே சரி என்று சொன்னால், சொன்னவன் மனசு என்ன பாடுபடும்! இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாமோ என்று தூக்கம் வருமா?

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இப்படியா சாமான் வாங்குறது? உங்களை ஊர்ல ஏமாத்திடுவாங்க. இங்க பாருங்க" என்று அவரே வாடிக்கையாளராக மாறி, உச்சுக் கொட்டி, வாசல் வரை நடந்து, லேஸ் கட்டிக் காட்டினார். "எழுந்திரிக்கிறதுக்குள்ள கூப்பிடுவாங்க. கூப்பிடலேன்னா இன்னொரு காலுக்கும் கட்டுங்க. அவசரமே படக்கூடாது."

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எனக்கு லேஸ் இல்லையே, செருப்பு பக்கிள்தான் இருக்கு."

"பக்கிளும் நல்லதுதான். அது இன்னும் நேரம் எடுக்கும்."

அவள் நடந்து காட்டினாள். வாசலில் குனிந்து பக்கிளைத் தொட்டாள். பாவம், இவருக்குத் தொழில் பாசம். "சரி வாங்க மேடம், குறைச்சுக்கலாம்" என்று கூப்பிட்டுத் தொலைத்தார். ஆக, பாடமும் சொல்லிக் கொடுத்து, பாடத்துக்குக் கூலியாக மேசை விலையிலும் குறைத்த மனிதர் உலகத்தில் இவர் ஒருத்தராகத்தான் இருக்க வேண்டும்.

பேச்சு அதோடு நிற்கவில்லை. பேட்டை எப்படி வளர்ந்தது, இன்னும் எப்படி வளரப் போகிறது, பாலத்துக்கு இந்தப் பக்கம் ரயில் ஸ்டேஷனுக்குப் புது வழி திறந்தால் ஜனம் எப்படி இந்தத் தெரு வழியாகவே நடக்கும், இந்தக் கிடங்குச் சுவர் எத்தனை கனம், மாடி வெளிச்சம் எவ்வளவு அருமை, எல்லாம் சொன்னார். மாடிக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அவள் கேட்டுக்கொண்டே டேப்பை எடுத்து ஜன்னலை அளந்தாள், சுவரை அளந்தாள். மேசை வாங்க வந்தவள் சுவரை ஏன் அளக்கிறாள் என்று இவருக்குத் தோன்றவேயில்லை.

"இதெல்லாம் யாருக்குச் சொந்தம் அண்ணா?"

"பல் டாக்டருக்கு. விக்கப் போறார். இந்த மாதிரி இடத்தை விடுறவன் முட்டாள் மேடம். நான் அப்பவே சொல்லிட்டேன்."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்றும் அவர்களேதான் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் பன்னோடு சேதியும் வந்தது. பேக்கரிக்காரர் நேரிலேயே கொண்டுவந்தார்.

"அண்ணே, டேப் வெச்சுக்கிட்டு ஒரு மேடம் வந்தாங்களே, அவங்க உங்க கிடங்கை வாங்கப் போறாங்களாம். ஆபீஸ் மாதிரி ஒண்ணு. மேசை போட்டு மேசையை வாடகைக்கு விடுவாங்களாம். கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வந்து உட்கார்ந்து வேலை பார்த்துட்டுப் போறது. எங்கிட்ட காபியும் பன்னும் சப்ளை பண்ண முடியுமான்னு கேட்டாங்க. நாளைக் காலைல டாக்டரைப் பார்த்துப் பேசுறாங்களாம். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"தெரியும்" என்றார் அப்பவே. குரல் அவருடைய குரலாகவே இல்லை.

மேசையை வாடகைக்கு விடுவார்களாம்! அவர் நாள் முழுக்க மேசைகளுக்கு நடுவில் சும்மா உட்கார்ந்திருந்தார். மூன்று முறை விற்ற பீரோ மறுபடியும் கடைக்கு வந்து நின்றது, அதன் கண்ணாடியில் தன் முகம் தெரிந்தபோது திரும்பி உட்கார்ந்தார். இந்த இடம் கைமாறினால் அவர் எங்கே போவார்? வேறு கிடங்கு பார்க்கலாம் என்றால், பேட்டை வாடகையெல்லாம் இப்போது இருக்கிற இருப்பில்... ஏற்றிவிட்டதே அவர் வாய்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம் போனால் அவரை யாருக்குத் தெரியும்? அங்கே அவர் யாருக்கு என்ன அப்பவே சொன்னார்?

சாயங்காலம் வேலை முடிந்து வழியில் கடைக்கு வந்த எறும்பு அக்கா, பன் அப்படியே இருப்பதைப் பார்த்தாள். பன்னைச் சாப்பிடாமல் அவரை அவள் பார்த்ததே இல்லை. பக்கத்தில் ஒரு ஒற்றை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். லேஸ் கட்டச் சொல்லிக் கொடுத்ததை மட்டும் வெட்கப்பட்டு விட்டுவிட்டார். கடைசியில், "பயமா இருக்கு" என்றார்.

"எதுக்கு? இடம் போயிடும்னா?"

"அதுவும்தான். வாங்கிட்டா என்ன ஆகும்னு அதைவிடப் பயமா இருக்கு. நான் சொன்னதெல்லாம் பொய்யாப் போயிட்டா?"

அவள் சிரிக்கவில்லை. "எனக்கும் பயம்தான். ஊசி போடறவளுக்குப் பயமே இல்லைன்னா நினைச்சீங்க? சரி, அன்னைக்கு மேசைக்குத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்தீங்களே, அப்பப் பயமா இல்லையா?"

"இருந்துச்சு. ஆனா விட்டுட்டுப் போனா அப்புறம் கிடைக்காதேங்கற பயம் அதைவிடப் பெருசா இருந்துச்சு."

"மேசையா?"

இந்த வயதில் அவருக்குக் காது சிவந்தது. அவள் பன்னை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை அவர் கையில் கொடுத்தாள். "நாளைக்கு லீவு போட்டிருக்கேன். நானும் வரேன். ஆனா பேசறது நீங்கதான்."

மறுநாள் காலையில் இரண்டு பேரும் டாக்டர் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தார்கள். நுழைந்ததும் அப்பவேயின் கால் நின்றுவிட்டது. டாக்டர் வீட்டு கேட்டுக்கு வெளியே டேப் அம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

"போச்சு. முடிஞ்சு போச்சு. நமக்கு முன்னாடியே வந்து வாங்கிட்டாங்க."

"நல்லாப் பாருங்க. என்ன பண்றாங்க அவங்க?"

நன்றாகப் பார்த்தார். அவள் குனிந்திருந்தாள். செருப்பு பக்கிளை அவிழ்த்தாள், மாட்டினாள். நிமிர்ந்து ஓரக்கண்ணால் வீட்டு வாசலைப் பார்த்தாள். மறுபடி குனிந்து இன்னொரு காலுக்குப் போனாள்.

உலகத்தில் வேறு யாருக்கும் அது புரிந்திருக்காது. செருப்பு கடிக்கிறது போல என்று நினைத்திருப்பார்கள். அப்பவேக்கு ஒரே பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது. உள்ளே டாக்டர் விலை சொல்லியிருக்கிறார், இந்த அம்மாள் "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்து நிற்கிறாள், அவசரமே படாமல்.

"என்ன சிரிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"சிரிக்கல. அழுகை வருது. நட."

"எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று அவர் முழங்கையைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளினாள். அவர் கிட்டத்தட்ட ஓடினார். கேட்டருகே டேப் அம்மாள் நிமிர்ந்து, தன் பக்கிளைக் காட்டி, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை போலப் பெருமையாகச் சிரித்தாள். பாவம், வாடகை கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பாள்.

டாக்டர் சோபாவில் செய்தித்தாளோடு இருந்தார். அப்பவே பல் நாற்காலியில் உட்காரவில்லை.

"டாக்டர், சரி."

"எதுக்குப்பா சரி?"

"கிடங்குக்கு. நீங்க அன்னைக்குச் சொன்ன விலைக்கே. இப்பவே."

சொல்லி முடித்ததும் கூரையை அண்ணாந்து பார்த்தார். அது இடிந்து விழவில்லை. அவ்வளவுதான், எறும்பு கடித்தாயிற்று.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னைக்கு நீ எழுந்து போனதும் உனக்கு வேண்டாம்னு நினைச்சேன். இப்ப ஒரு அம்மா வந்தாங்க, அவங்களும் பார்க்கலாம்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாங்க."

"நீங்க ஏன் டாக்டர் கூப்பிடல?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"நானா? நல்லாக் கேட்டே! பல் பிடுங்க வந்தவன் நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்குப் போயிட்டான்னா, அவனைக் கூப்பிடலாமா? கூப்பிட்டா இன்னும் வேகமா ஓடுவான். நிஜமா வலி இருக்கறவன் தானாத் திரும்பி வருவான்." எழுந்து வந்து அப்பவேயின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீ திரும்பி வந்துட்டே. இடம் உனக்குத்தான்."

எறும்பு அக்கா அப்போதுதான் பல் நாற்காலியில் உட்கார்ந்தாள். தனக்கும் பயம் என்று அவள் சொன்னது பொய்யில்லை.

வெளியே வந்தபோது டேப் அம்மாள் இன்னும் கேட்டருகேயே இருந்தாள். அவர் போய்ச் சொன்னார். அவள் முகம் தொங்கிப்போயிற்று.

"நீங்கதானே அண்ணா சொல்லிக் கொடுத்தீங்க? அவசரமே படக்கூடாதுன்னு?"

"அது கட்டிலுக்குங்க மேடம்."

அந்த முகத்தை அவருக்குத் தெரியும். வாய்க்கால் தெருவில், டிப்போவுக்குப் பின்னால், காலி மனை ஓரத்தில், மூன்று முறை அந்த முகத்தோடு அவரே நின்றிருக்கிறார்.

"உங்களுக்கு வேண்டியது மாடிதானே? கீழே நான் இருந்துட்டுப் போறேன். மாடியை வாடகைக்கு எடுத்துக்கோங்க. மேசை எங்கிட்ட இருக்கு. நாற்காலி நூறு இருக்கு, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. பிஸ்கட்காரங்களுக்கு அதுதான் பிடிக்கும். காபிக்கும் பன்னுக்கும் ஆள் இருக்கு."

"வாடகை எவ்வளவு அண்ணா?"

சொன்னார். அவள் உதட்டைக் கடித்தாள். ஒரு கால் லேசாகத் தெருப்பக்கம் திரும்பியது. பின்னாலிருந்து எறும்பு அக்கா தொண்டையைச் செருமினாள்.

"சரி!" என்றாள் டேப் அம்மாள் அவசரமாக.

பேசி முடித்து அவளை அனுப்பிவிட்டு இரண்டு பேரும் நடந்தார்கள். பாலம் தெரிந்தது, அதற்கு இந்தப் பக்கம் பிஸ்கட்டின் புகைக்கூண்டு தெரிந்தது. அப்பவே திடீரென்று நின்று, குனிந்து, ஷூ லேஸைப் பிடித்தார். எறும்பு அக்கா இடுப்பில் கையை வைத்தாள்.

"இப்ப என்ன? இன்னும் யாராவது கூப்பிடணுமா?"

"இல்லடி" என்றார் அவர் நிமிராமலேயே. "ஓடி வந்ததுல நிஜமாவே அவிழ்ந்துடுச்சு."